ரெசொனேட்டருக்கும் சுருதி சேர்க்கணும்

ரிவெர்ப், டிலே இரண்டையும் தொடாமல் மிக்ஸ் செய்கிறவர் யாரும் கிடையாது. ரெசொனேட்டர் கதை வேறு. பலரும் ஒரு ப்ரீசெட்டைப் போட்டுக் கேட்பார்கள், "நல்லாத்தான் இருக்கு, ஆனா பாட்டோட ஒட்டலையே" என்பார்கள், அத்தோடு மூடிவிடுவார்கள். ஒட்டாததற்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான். ப்ரீசெட் செய்தவர் அதை ஒரு சி மேஜர் கார்டில் வைத்துவிட்டுப் போயிருப்பார். உங்கள் பாடகி ஐந்தரைக் கட்டையில் பாடியிருப்பார். அந்தக் கருவியின் பிட்ச் குமிழ்களை யாரும் பாட்டுக்காகத் திருப்பியே பார்த்திருக்க மாட்டார்கள்.

குறும்படப் பின்னணி இசையிலும் குரலும் தம்புராவும் மட்டும் இருக்கிற பதிவுகளிலும் நான் அதிகம் நம்புகிற எஃபெக்ட் இதுதான். ஒரு சாதாரண மழைச் சத்தத்தை ராகத்துக்குள் கொண்டுவந்து உட்கார வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அதனால் இந்தப் பதிவு முழுக்க பிட்ச் குமிழ்களைப் பற்றியே. மற்ற குமிழ்களை அவை பிட்சைத் தொடுகிற இடத்தில் மட்டும் தொடுகிறேன்.

ரெசொனேட்டருக்குள் இருப்பது ரொம்ப எளிமையான சங்கதி. வருகிற ஒலியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து வெளியே விடுகிறது; விட்டதில் பெரும்பங்கை மறுபடி உள்ளே அனுப்புகிறது. அந்தத் தாமதம் 300 மில்லி விநாடியாக இருந்தால் நமக்கு எதிரொலி கேட்கும். அதையே 9.09 மில்லி விநாடிக்குக் குறைத்துப் பாருங்கள். ஒலி விநாடிக்கு 110 முறை சுற்றி வருகிறது. காது அதை எதிரொலியாகப் பிரித்துக் கேட்பதை நிறுத்திவிட்டு, 110 ஹெர்ட்ஸ் சுரமாகக் கேட்கத் தொடங்கும். 440 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் தாமதம் 2.27 மில்லி விநாடி. ஆக, பிட்ச் என்று எழுதியிருக்கிற குமிழ் உண்மையில் நேரத்தைத்தான் திருப்புகிறது. கெவின் கார்ப்ளஸும் அலெக்சாண்டர் ஸ்ட்ராங்கும் 1983இல் வெளியிட்ட, மீட்டிய தந்தியின் ஒலியைக் கணினியில் உண்டாக்கும் முறையும் இதே சுற்றுதான். உள்ளே கொஞ்சம் இரைச்சலைப் போட்டுச் சுற்றவிட்டால் தந்தியை மீட்டிய மாதிரி ஒலிக்கிறது. அவர்களுடைய முறையில் இரைச்சல் உள்ளேயிருந்து வருகிறது. ரெசொனேட்டர் எஃபெக்டில் அந்த இடத்தில் நம்முடைய பாட்டோ மிருதங்கமோ மழையோ வருகிறது.

இதிலிருந்து பிறக்கிற ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ரெசொனேட்டர் சுரத்தை உண்டாக்குவதில்லை. உள்ளே வருகிற ஒலியில் ஏற்கெனவே இருக்கிற அதிர்வுகளில் எதை நிறுத்தி வைப்பது என்று தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவுதான். பியானோவின் வலது பெடலை அழுத்திக்கொண்டு தந்திகளைப் பார்த்து 'ஆ' என்று பாடினால், நாம் பாடிய சுரத்துக்குச் சொந்தமான தந்திகள் மட்டும் திரும்பப் பாடும். பிட்ச் குமிழைத் திருப்பும்போது, எந்தத் தந்திகளைப் பெட்டிக்குள் கட்டி வைப்பது என்பதைத்தான் முடிவு செய்கிறோம். பாடுவது வெளியே இருந்து வர வேண்டும்.

ஆகவே முதல் கேள்வி "எந்த கார்ட் வைக்கலாம்?" என்பதல்ல. "உள்ளே வருகிற ஒலியில் என்ன இருக்கிறது?" என்பதுதான். மழை, காற்று, அலை, ரயில் இரைச்சல் மாதிரி எல்லா அதிர்வெண்ணும் கலந்து கிடக்கிற ஒலி என்றால் கவலையே இல்லை. நீங்கள் வைத்த சுரம் எதுவானாலும் அதற்கு உணவு கிடைக்கும். ரெசொனேட்டரைப் பழக விரும்புகிறவர்கள் மழைப் பதிவிலிருந்து தொடங்கினால் நல்லது. குமிழ் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று அதில் துல்லியமாகக் கேட்கும். ஹை-ஹாட் மாதிரி மேலே மட்டும் சத்து உள்ள ஒலியை அனுப்பிவிட்டு, ரெசொனேட்டரை 65 ஹெர்ட்ஸில் வைத்தால் அடிச்சுரம் வராது. அந்தச் சுரத்தின் மேற்சுரங்கள் மட்டும் சிலிர்த்துக்கொண்டு கேட்கும். சில சமயம் அதுவே அழகு. அடி வேண்டும் என்று நினைத்து அங்கே வைத்தவருக்கு மட்டும் ஏமாற்றம்.

அடுத்து ஸ்தாயி. இதை ஏனோதானோ என்று வைக்கிறவர்கள் அதிகம். ரெசொனேட்டர் ஒரு சுரத்தை மட்டும் பிடித்து வைப்பதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று எல்லா மடங்குகளையும் பிடிக்கும். வரைபடத்தில் பார்த்தால் சீப்பின் பற்கள் மாதிரி சம இடைவெளியில் நிற்கும். காம்ப் ஃபில்டர் என்ற பெயரே அதனால்தான். 65.4 ஹெர்ட்ஸில், அதாவது கீழ் சி-யில் வைத்தால், 5000 ஹெர்ட்ஸுக்குள் 76 பற்கள். அவ்வளவு நெருக்கமான சீப்புக்குள் எந்த ஒலி போனாலும் அதில் பாதி ஏதாவது ஒரு பல்லில் மாட்டும். அதனால் சுரம் தெளிவாகக் கேட்காது. ஒரு தகரத் தன்மை, ஒரு குழாய்க்குள் பேசுகிற உணர்வு வரும். அதையே மூன்று ஸ்தாயி மேலே, 523 ஹெர்ட்ஸில் வைத்தால் 5000-க்குள் ஒன்பதே பற்கள். சுரம் பளிச்சென்று கேட்கும். நிறம் வேண்டுமா, சுரம் வேண்டுமா என்பதை ஸ்தாயிதான் தீர்மானிக்கிறது. பின்னணியில் ஒரு கனமான உலோகச் சூழல் வேண்டுமென்றால் கீழே போங்கள். ராகம் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் 130-க்கும் 400-க்கும் நடுவில் இருங்கள். எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும்.

ஸ்தாயியை மாற்றும்போது கார்வையின் நீளமும் மாறும். இங்கேதான் பிட்ச் குமிழும் டிகே குமிழும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் 0.99 பங்கு திரும்பப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒலி 60 டெசிபல் இறங்குவதற்கு ஏறத்தாழ 687 சுற்று ஆகும். 110 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 9.09 மில்லி விநாடி என்பதால் அது ஆறேகால் விநாடி நீடிக்கும். 440 ஹெர்ட்ஸில் அதே 687 சுற்று ஒன்றரை விநாடியில் முடிந்துவிடும். 880-இல் ஏறத்தாழ முக்கால் விநாடிதான் என்று சொல்லலாம். கீழ் சுரம் நீண்டு நிற்க, மேல் சுரம் சட்டென்று அடங்குவது நிஜத் தந்திகளிலும் உள்ளதுதான்; அதனால் காதுக்கு இயல்பாகவே இருக்கும். ஆனால் ஐந்து சுரங்களை வைத்து ஒரு கார்வை பிடிக்க நினைக்கும்போது, மேலே உள்ளவை முதலில் மறைந்து கீழே உள்ளது மட்டும் மிஞ்சும். கார்ட் மாதிரி தொடங்கி, ஒற்றைச் சுரமாக முடியும்.

ஏபிள்டன் லைவில் இருக்கிற ரெசொனேட்டர்ஸ் எஃபெக்டில் இதற்காகவே கான்ஸ்ட் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் எந்தச் சுரமானாலும் கார்வை ஒரே நீளம். பேட் மாதிரி பின்னணிக்கு அதை அழுத்தி வைக்கிறேன். தாளக் கருவிகளுக்கு அழுத்துவதே இல்லை; தாளத்தில் மேல் சுரங்கள் சீக்கிரம் விலகிப் போனால்தான் அடுத்த அடிக்கு இடம் இருக்கும்.

லைவின் ரெசொனேட்டர்ஸையே எடுத்துக்கொண்டு பேசலாம். நிறையப் பேரிடம் இருக்கிறது, பிட்ச் பகுதியும் தெளிவாக அமைந்திருக்கிறது. இதில் ஐந்து ரெசொனேட்டர்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. முதலாவதுக்குச் சுரத்தின் பெயரையே நேரடியாகக் கொடுக்க வேண்டும். மற்ற நான்கையும் முதலாவதிலிருந்து எத்தனை அரைச்சுரம் மேலே அல்லது கீழே என்று, இரண்டு ஸ்தாயி வரைக்கும், சொல்ல வேண்டும். ஆதார ஷட்ஜத்தை முதலில் வைத்து, அதிலிருந்து மற்ற சுரங்களை எண்ணுகிற நம் பழக்கத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஒன்றாவது நடுவில் கேட்கும். இரண்டும் நான்கும் இடது பக்கம், மூன்றும் ஐந்தும் வலது பக்கம். எந்தச் சுரம் எந்தக் காதில் கேட்க வேண்டும் என்பதையும் பிட்ச் வைக்கும்போதே யோசித்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதல் வேலை கட்டையைப் பிடிப்பது. ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, நாலு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப் என்று தெரிந்தவர்களுக்கு இது ஒரு நொடி வேலை. ஆனால் கட்டை தெரிந்தால் மட்டும் போதாது. கச்சேரிப் பதிவுகளிலும் வீட்டில் எடுத்த பதிவுகளிலும் சுருதி அச்சாக 440 அளவுகோலில் நிற்பதில்லை. தம்புராவைப் பாடகர் தன் தொண்டைக்கு வசதியாக ஒரு மயிரிழை ஏற்றியோ இறக்கியோ வைத்திருப்பார். பதிவில் தம்புரா மட்டும் கேட்கிற இடத்தில் ஒரு ட்யூனரை வைத்துப் பாருங்கள். ஜி ஷார்ப், அதற்கு மேல் 18 சென்ட் என்று காட்டினால், அந்த 18 சென்ட்டும் ரெசொனேட்டரின் நுண்சுருதிக் குமிழுக்கு வர வேண்டும். ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட் என்பதால் 18 சென்ட் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ரெசொனேட்டரில் அது சின்ன விஷயமே இல்லை. கார்வை எவ்வளவு நீளமோ, சீப்பின் பற்கள் அவ்வளவு கூர்மை. நீண்ட கார்வையில் 18 சென்ட் தள்ளி இருக்கிற பல் பாடகியின் ஷட்ஜத்தைப் பிடிக்காமலே விட்டுவிடும். அவர் வாயிலிருந்து வருகிற 'ச', 'த' மாதிரியான மெய்யெழுத்துகளின் இரைச்சல் மட்டும் அந்தப் பல்லில் மாட்டி, பாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சுருதியாக ஒலித்துக்கொண்டிருக்கும். "ஒட்டலையே" என்று தோன்றுவது பெரும்பாலும் இந்த ஒலியைக் கேட்டுத்தான்.

சில கருவிகளில் முதலாவதின் சென்ட்டை நகர்த்தினால் மற்றவையும் சேர்ந்து நகரும். சிலவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நகர்த்த வேண்டும். முதலாவதை ஒரு 50 சென்ட் தள்ளிப் பார்த்தால் உங்களுடையது எந்த வகை என்று காதுக்கே தெரிந்துவிடும்.

இப்போது மற்ற சுரங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டின் அரைச்சுரங்கள் எல்லாம் சம அளவில் வெட்டப்பட்டவை. ரெசொனேட்டரின் பற்கள் அப்படி இல்லை. அவை இயற்கை மடங்குகள். முதல் ரெசொனேட்டரை 130.81 ஹெர்ட்ஸில் ஷட்ஜமாக வைத்தால் அதன் ஐந்தாவது பல் 654.06 ஹெர்ட்ஸில் நிற்கும். ஷட்ஜத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிற அந்தர காந்தாரம் அது. தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை நன்றாக மீட்டிவிட்டுக் காதைக் கொடுத்தால் தனியாகக் கேட்குமே, அதே காந்தாரம்தான். இப்போது இரண்டாவது ரெசொனேட்டரை நான்கு அரைச்சுரம் மேலே, கீபோர்டு காந்தாரத்தில் வையுங்கள். அது 164.81 ஹெர்ட்ஸ். அதன் நான்காவது பல் 659.26. ஷட்ஜத்தின் ஐந்தாவது பல்லுக்கும் இதற்கும் 5.2 ஹெர்ட்ஸ் வித்தியாசம். விநாடிக்கு ஐந்து தடவை ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். பியானோவில் ஒலி அடங்கும்போதே இந்தத் துடிப்பும் மறைந்துபோகும், பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ரெசொனேட்டரில் ஆறு விநாடி கார்வையில் துடித்துக்கொண்டே இருக்கும். காந்தாரத்தை 14 சென்ட் இறக்கினால் அது ஏறத்தாழ 163.5 ஹெர்ட்ஸுக்கு வரும். நான்காவது பல் சரியாக 654-இல் போய் உட்காரும். துடிப்பு அடியோடு நின்றுவிடும். அந்த நொடியைக் காதால் கேட்டுத்தான் உணர வேண்டும். இரண்டு ரெசொனேட்டர்கள் இருப்பதே தெரியாமல் ஒரே ஒலியாகக் கெட்டிப்படும்.

பஞ்சமத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. கீபோர்டு பஞ்சமத்துக்கும் இயற்கைப் பஞ்சமத்துக்கும் இரண்டு சென்ட்தான் வித்தியாசம். இதே ஷட்ஜத்தோடு அதை வைத்தால் இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும் ஒரு மெதுவான அலை வரும். பல சமயம் அதை நான் சரிசெய்வதில்லை. ஒலிக்கு மூச்சு விடுகிற மாதிரி ஓர் அசைவு கிடைக்கிறது. வேண்டாம் என்றால் இரண்டு சென்ட் ஏற்றிவிடுங்கள். மற்றவற்றுக்கும் சொல்லிவிடுகிறேன். சதுஸ்ருதி ரிஷபத்துக்கு 4 ஏற்றலாம், சுத்த மத்யமத்துக்கு 2 இறக்கலாம், சாதாரண காந்தாரத்துக்கு 16 ஏற்றலாம், சதுஸ்ருதி தைவதத்துக்கு 16 இறக்கலாம், காகலி நிஷாதத்துக்கு 12 இறக்கலாம். இவை ஆதார ஷட்ஜத்தோடு எளிய விகிதத்தில் நிற்கிற இடங்கள்; கமகத்தோடு பாடும்போது சுரம் எங்கே நிற்கும் என்பதற்கான விதி அல்ல. பதிவின் சுருதியே 18 சென்ட் ஏறியிருந்தால், சென்ட்டுகளைத் தனித்தனியாக நகர்த்துகிற கருவியில் அந்தர காந்தாரத்துக்கு 18-இலிருந்து 14 போக 4 ஏற்ற வேண்டும். பஞ்சமத்துக்கு 20.

இதை எல்லா இடத்திலும் செய்யச் சொல்ல மாட்டேன். பாட்டில் கீபோர்டோ கிட்டாரோ கார்ட் பிடித்துக்கொண்டிருந்தால் ரெசொனேட்டரும் கீபோர்டு அளவிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் கீபோர்டின் காந்தாரமும் ரெசொனேட்டரின் காந்தாரமும் மோதும், அது இன்னும் மோசம். குரலும் தம்புராவும் மட்டும், அல்லது வெறும் மழையும் ஒரு புல்லாங்குழலும் என்றால் தயங்காமல் இயற்கை அளவுக்குப் போங்கள்.

குரலுக்கு நான் வைக்கிற அமைப்பைச் சொல்கிறேன். ஐந்தரைக் கட்டை என்றால் முதலாவது 207.65 ஹெர்ட்ஸ், ஷட்ஜம். இரண்டாவது ஐந்து அரைச்சுரம் கீழே, இரண்டு சென்ட் ஏற்றி. அது மந்தரப் பஞ்சமம். மூன்றாவது மறுபடி ஷட்ஜமே, மூன்று சென்ட் ஏற்றி. முதலாவதோடு சேர்ந்து ஏறத்தாழ மூன்று விநாடிக்கு ஓர் அலை வரும். நான்காவது பன்னிரண்டு அரைச்சுரம் கீழே, மந்தர ஷட்ஜம். ஐந்தாவதை அணைத்துவிடுவேன். தம்புராவின் நான்கு தந்திகள்தான் இவை, வேறொன்றும் இல்லை. பஞ்சமம் இல்லாத ஹிந்தோளம் மாதிரி ராகத்துக்கு, இரண்டாவதை ஏழு அரைச்சுரம் கீழே, இரண்டு சென்ட் இறக்கி வைத்தால் மந்தர மத்யமம் கிடைக்கும்.

ராகத்தின் எல்லாச் சுரங்களையும் வைக்காமல் சா, பா மட்டும் வைக்கிறாயே, மற்ற சுரங்கள் பாடும்போது ரெசொனேட்டர் சும்மா இருக்குமே என்று ஒரு நண்பர் கேட்டார். சும்மா இருக்காது, அதுதான் இந்தக் கருவியின் சிறப்பு. சதுஸ்ருதி ரிஷபம் பாடும்போது அதன் இரண்டாவது மேற்சுரம் மந்தரப் பஞ்சமத்தின் மூன்றாவது பல்லில் சரியாகப் போய் விழும். அந்தர காந்தாரத்தின் இரண்டாவது மேற்சுரம் மந்தர ஷட்ஜத்தின் ஐந்தாவது பல்லில் விழும். அதனால் அந்தச் சுரங்களும் ஒலிக்கும், ஆனால் ஷட்ஜ பஞ்சமங்களைவிட ஒரு படி பின்னால் நின்று ஒலிக்கும். பாடகி ஷட்ஜத்துக்குத் திரும்பும்போது எல்லாம் ஒன்றாக மலரும். ராகத்தின் படிநிலையே அந்தக் கார்வையில் கேட்கும். ஏழு சுரங்களையும் வைத்துவிட்டால் எல்லாச் சுரமும் எப்போதும் ஒலித்து, கமகம் போகிற வழியெல்லாம் கறை விட்டுக்கொண்டு போகும். தோடி மாதிரி அசைந்துகொண்டே இருக்கிற ராகத்தில் அது தாங்காது.

ஆனால் அந்த மலர்ச்சிக்கு ஒரு விலை உண்டு. 0.99 பங்கு திரும்பப் போகிற சுற்றில், பல்லின் உச்சியில் சரியாக நிற்கிற சுரம் நூறு மடங்கு, அதாவது 40 டெசிபல் வரை பெருகும். பற்களுக்கு நடுவில் விழுகிற ஒலியோ ஆறு டெசிபல் குறையும். பாடகி மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்து நின்றால் ரெசொனேட்டர் வெடித்துக் கிளம்பும். ஆகவே பிட்சைச் சரியாக வைத்த பிறகு, மிக்ஸ் குமிழை இறக்கி, கடைசியில் ஒரு லிமிட்டரைப் போட்டே தீர வேண்டும். சுருதி எவ்வளவு துல்லியமோ அவ்வளவுக்கு இந்த ஆபத்து அதிகம்.

தாளக் கருவிகளில் மிருதங்கத்துக்குத் தனி இடம். ஒரு சாதாரண வட்டத் தோலின் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30, 2.65 மடங்கு என்று தாறுமாறாக நிற்கும். ரெசொனேட்டரின் பற்களோ 2, 3, 4 என்று முழு மடங்குகளில். அதனால் வெஸ்டர்ன் டிரம்ஸை ரெசொனேட்டருக்குள் விட்டால் டிரம்ஸின் சொந்தச் சுரம் போய், நாம் வைத்த சுரம்தான் கேட்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவில் இருக்கிற கரணை அந்த மேற்சுரங்களை முழு மடங்குகளுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. சி. வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் எழுதியது இதைத்தான். ராமன் 1934இல் இன்னும் விரிவாக எழுதினார். ரெசொனேட்டரோடு வேலை செய்கிறவருக்கு இது பெரிய வரம். மிருதங்கத்தின் சுருதிக்கே முதலாவதை வைத்துவிட்டால், அதன் மேற்சுரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பல்லில் போய் அமரும். தனியாக எஃபெக்ட் போட்ட மாதிரியே இருக்காது. மிருதங்கம் நீளமாகக் கார்வை கொடுக்கக் கற்றுக்கொண்ட மாதிரி இருக்கும். டிகேயை அரை விநாடிக்கு மேல் போகவிடாதீர்கள். தொப்பிப் பக்கத்தைத் தனி மைக்கில் பதிவு செய்திருந்தால் அதை இதற்குள் அனுப்பவே வேண்டாம்.

பழைய கருவிகளையும் இலவச ப்ளக்இன்களையும் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிஜிட்டலில் தாமதத்தை சாம்பிள் கணக்கில் எண்ணுகிறார்கள். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்றால், 100 சாம்பிள் தாமதம் 441 ஹெர்ட்ஸ் தரும். 101 சாம்பிள் 436.6 தரும். நடுவில் இருக்கிற 440-ஐ முழு சாம்பிளால் தொடவே முடியாது. ஒரு படிக்கு 17 சென்ட் தாவல். மேலே போகப் போக இது மோசமாகும். 25-க்கும் 26-க்கும் நடுவில் 68 சென்ட் இடைவெளி. கார்ப்ளஸ், ஸ்ட்ராங் கட்டுரை வந்த அதே 1983இல் டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் இதற்கு ஆல்பாஸ் ஃபில்டரை வைத்து வழி சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அதைச் செய்யாத ப்ளக்இன்கள் இன்றைக்கும் இருக்கின்றன. மேல் ஸ்தாயியில் உங்கள் சென்ட் குமிழ் திரும்புகிறது, ஆனால் சுரம் படிப்படியாகத் தாவுகிறது என்றால் காரணம் இதுதான்.

பிரகாசத்தைக் குறைக்கிற குமிழும் சுருதியைக் கெடுக்கலாம். சுற்றுக்குள் இருக்கிற ஃபில்டருக்கும் தனியாக ஒரு சிறு தாமதம் உண்டு. மிக எளிய ஃபில்டர் அரை சாம்பிள் தாமதம் தரும். 110 ஹெர்ட்ஸில் அது இரண்டு சென்ட், யாருக்கும் தெரியாது. 1760 ஹெர்ட்ஸிலோ 34 சென்ட் இறங்கிவிடும். நல்ல கருவிகள் இதை உள்ளேயே ஈடுகட்டிவிடுகின்றன. உங்களுடையது ஈடுகட்டவில்லை என்றால், நிறத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, சுருதியை அதற்குப் பிறகு சேருங்கள். ஃபீட்பேக்கின் முனையைத் தலைகீழாக்குகிற பட்டன் இருந்தால் அதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அதை அழுத்தியதும் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கி, ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் மிஞ்சும். கிளாரினெட் மாதிரி உள்ளீடற்ற ஒலி, எனக்கு ரொம்பப் பிடிக்கும். குமிழில் எழுதியிருக்கிற சுரமே கேட்க வேண்டுமென்றால் பன்னிரண்டு அரைச்சுரம் ஏற்ற வேண்டும்.

தாமதச் சுற்றுக்குப் பதிலாக ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தனித்தனி ஃபில்டர் வைக்கிற மோடல் வகை ரெசொனேட்டர்களுக்கு இந்தக் கணக்கில் பாதி பொருந்தாது. எமிலி ஜிலே வடிவமைத்து மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2015இல் வெளியிட்ட ரிங்ஸ் அந்த வகைக்கு நல்ல உதாரணம். அதில் ஸ்ட்ரக்சர் குமிழைத் திருப்பினால் மேற்சுரங்களின் விகிதமே மாறி, தந்தி மணியாகிவிடும். அப்போது காது எதைச் சுரமாக எடுத்துக்கொள்கிறது என்பது குமிழ் காட்டுவதோடு ஒத்துப்போகாமல் போகலாம். அங்கே ட்யூனரை மூடிவைத்துவிட்டுத் தம்புராவோடு காதால் சேர்ப்பதுதான் சரி.

கடைசியாக, கார்ட் மாறுகிற பாட்டுகள். 1980களின் நடுவில் வந்த லெக்சிகன் பிசிஎம் 70 கருவியிலேயே ரெசொனன்ட் கார்ட்ஸ் என்று ஒரு நிரல் உண்டு. ஆறு ரெசொனேட்டர்களின் சுரத்தை மிடி கீபோர்டிலிருந்து மாற்றலாம். இன்றைக்கு ஆட்டோமேஷன் கோடு வரைந்தால் போதும். ஆனால் தாமதத்தை மாற்றும்போது உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற ஒலியும் சேர்ந்து மாறும். முந்தைய கார்டின் கார்வை சுத்தமாக முடியாமல், ஒரு சறுக்கலோடு புதிய கார்டுக்கு இழுபடும். சறுக்கல் வேண்டுமென்றே கேட்கிற இடங்கள் உண்டு. பாட்டில் அது பெரும்பாலும் உறுத்தும். நான் இரண்டு ரெசொனேட்டர்களைத் தனித்தனி ட்ராக்கில் வைக்கிறேன், ஒன்றில் முதல் கார்ட், இன்னொன்றில் அடுத்தது. ஆட்டோமேஷனை எஃபெக்டின் வெளியீட்டில் போடாமல், அதற்குள் போகிற ஒலியின் (send) அளவில் போடுகிறேன். கார்ட் மாறுகிற இடத்தில் முதலாவதுக்கு ஒலி போவதை நிறுத்திவிட்டு இரண்டாவதுக்குத் திருப்பினால், முதலாவதில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பது தன் சுருதியிலேயே அடங்கி முடியும். மூன்றாவது கார்ட் வரும்போது முதலாவது காலியாகியிருக்கும். அப்போது அதன் பிட்சை மாற்றிக்கொள்ளலாம். டிகே மட்டும் ஒரு கார்டின் நீளத்தைத் தாண்டக் கூடாது. நாலு அட்சரத்துக்கு ஒரு கார்ட் மாறுகிறது, அட்சரத்துக்கு முக்கால் விநாடி என்றால், மூன்று விநாடிக்குள் அடங்குகிற மாதிரி வையுங்கள்.